எறிந்தவரும் எறியாதவரும்

மண்ணைத் தோண்டிப் பொன் எடுப்போரைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மண்ணைத் தோண்டிப் பழம் புட்டிகளை எடுப்போரும் உலகில் உளர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960களிலிருந்து இது ஒரு பெரும் பொழுதுபோக்காகப் பரவியது. மண்வெட்டியும் நீண்ட இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு, நூறாண்டுகளுக்கு முன் ஊரார் குப்பை கொட்டிய மேடுகளையும், தூர்ந்துபோன கழிப்பிடக் குழிகளையும் விடுமுறை நாள்களில் தேடிச் செல்வர். மைக்கூடு, மருந்துக் குப்பி, சோடாப் புட்டி, ஊறுகாய்ச் சாடி என்று அகப்படுவதையெல்லாம் கழுவித் துடைத்து, இன்ன ஆண்டு என்று கணித்து, அடுக்கில் வைத்து மகிழ்வர். நஞ்சு அடைத்த குப்பிகள் நீல நிறத்தில், மேனியெங்கும் வரிவரியாக மேடிட்டிருக்கும். விளக்கில்லா இரவில் கைதவறி எடுப்பவன் தடவியே அறிந்துகொள்ளட்டும் என்று அப்படிச் செய்தார்களாம். அத்தகைய குப்பி ஒன்று முழுதாகக் கிடைத்துவிட்டால் அன்று அவர்களுக்குத் திருநாள்தான்.

கேட்பதற்கு நகைப்பாக இருக்கலாம். ஆயினும் இந்த எளிய பொழுதுபோக்கினுள் ஓர் அறவினா மறைந்திருப்பதாக நாம் கருதுகிறோம். ஒருவன் வேண்டாமென்று எறிந்ததை இன்னொருவன் எடுத்துப் படிக்கிறான். படித்ததை வரலாறு என்கிறான். எறிந்தவனைப் பற்றி அப்படிப் பேச இவனுக்கு உரிமை உண்டா? ஒன்றையும் எறியாமல் வாழ்ந்தவனைப் பற்றி யார் பேசுவது? இரண்டாவது வினா நம்மைப் போன்றவர்க்கு மிக நெருங்கியது. அதற்கு வருமுன் குப்பி தன் வயதை எவ்வாறு சொல்லுகிறது என்பதைச் சிறிது காண்போம்.

கண்ணாடிக் குப்பியின் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். இரு பாதி அச்சுகள் சேருமிடத்தில் விழும் தழும்பு அது. அக்கோடு கழுத்தளவில் நின்று, வாய்ப்புறம் மட்டும் வழுவழுப்பாக இருந்தால், உடலை அச்சில் ஊதியபின் வாயைத் தொழிலாளி தனியே கருவி கொண்டு உருட்டி முடித்தான் என்று பொருள். கோடு வாயின் விளிம்பு வரை ஏறிச் சென்றால் அது இயந்திரத்தின் பிள்ளை. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1903ஆம் ஆண்டளவில் குப்பி செய்யும் தானியங்கி இயந்திரத்தை நிறைவுபடுத்தினார்; ஆகவே விளிம்பு வரை கோடு ஏறிய குப்பி அதற்கு முற்பட்டதாக இருப்பது அரிது. அடிப்புறத்தில் ஒடித்தெடுத்தாற்போன்ற கரடுமுரடான வடு இருந்தால், வாய் முடிக்கும்வரை குப்பியை ஓர் இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்திருந்தார்கள் என்பது தெளிவு. அவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மெல்ல மறைந்தது. தகர மூடியைக் கவ்வும் வாயுள்ள புட்டியானால், வில்லியம் பெயின்ட்டர் அம்மூடிக்கு உரிமம் பெற்ற 1892க்குப் பிற்பட்டது. கோடே இல்லாவிட்டால் மிகப் பழையது என்று பலர் முடிவு கட்டிவிடுவர். அது பிழை. அச்சுக்குள்ளேயே குப்பியைச் சுழற்றிக் கோட்டைத் தேய்த்துவிடும் முறை ஒன்றும் இருந்தது; மதுப்புட்டிகள் பலவும் அப்படிப் பிறந்தவையே.

இவ்விடத்தில் நம் கோலி சோடாவை மறத்தல் தகாது. இலண்டனைச் சார்ந்த ஹைரம் காட் என்பவர் 1870களின் தொடக்கத்தில் உரிமம் பெற்ற புட்டி அது. வாயினுள் ஒரு ரப்பர் வளையம். கழுத்தினுள் ஒரு கண்ணாடிக் கோலி. புட்டியைத் தலைகீழாக வைத்து நிரப்பினால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை வளையத்தோடு இறுக்கி மூடிவிடும். கட்டையால் ஓர் அழுத்து. 'புஸ்' என்ற ஓசையுடன் கோலி இறங்கும். சாய்க்கும்போது அது மீண்டும் வாயை அடைக்காதபடி கழுத்தில் இரண்டு குழிவுகள் அதைத் தாங்கிக்கொள்ளும். இத்துணை நுட்பமான புட்டி அதன் தாயகத்தில் எப்போதோ வழக்கொழிந்து, சேகரிப்போர் அடுக்கில் ஏறிவிட்டது. அங்கும் முழுதாகக் கிடைப்பவை குறைவு. கோலிக்கு ஆசைப்பட்ட சிறுவர்கள் உடைத்துவிட்டார்கள். நம் நாட்டிலோ கடைத்தெருவில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரே பொருள் ஒரு நாட்டில் தொல்பொருள், மற்றொரு நாட்டில் தாகசாந்தி.

அப்பொருளுக்கு நாம் வழங்கும் பெயர்களே அடுக்கடுக்காகப் படிந்த மண் போன்றவை. குப்பி என்றோம், புட்டி என்றோம், சீசா என்றோம், இப்போது பாட்டில் என்கிறோம். 'ஷீஷா' என்னும் சொல்லை வடபுலத்தில் குடியேறிய நாம் நாள்தோறும் அண்டை வீட்டார் வாயில் கேட்கிறோம். பாரசீகத்தில் பிறந்து, உருது வழியே தெற்கே இறங்கி, நம் பாட்டிமார் நாவில் சீசாவாகி, நல்லெண்ணெய் சுமந்தது அது. நாம் வடக்கே வருமுன்பே நம் வீட்டுக்குள் வடக்கு வந்திருந்தது.

குப்பி பிறந்த ஆண்டைச் சொல்லும். மண்ணில் புதைந்த ஆண்டைச் சொல்லாது. இன்ன ஆண்டுக்கு முன் இது இங்கு விழுந்திருக்க முடியாது என்று மட்டுமே அதை வைத்து நாணயமாகச் சொல்லலாம். குடித்ததும் எறியும் ஊரில் பிறப்புக்கும் புதைவுக்கும் இடைவெளி சிறிது. நம்மூரிலோ ஒரு குப்பி அத்தனை எளிதாகச் சாவதில்லை. அரசு மருத்துவமனைக்கு மருந்து வாங்கச் சென்ற காலத்தை எண்ணிப் பாருங்கள். குப்பியை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய சாடியிலிருந்து செந்நிற மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று ஓரத்தில் படிபடியாக வெட்டிய காகிதத் துண்டை ஒட்டித் தருவார். காய்ச்சல் தீர்ந்ததும் காகிதம் உரிந்து போகும், குப்பி இருக்கும். பின் அதில் விளக்கெண்ணெய். அதற்கும் பின் மண்ணெண்ணெய். இறுதியில் திரி செருகிய விளக்காகி, ஒரு வீட்டின் பள்ளிப் பாடங்களுக்கெல்லாம் ஒளி தந்து, விரிசல் விட்ட பிறகே பழம்பொருள்காரனின் கூடைக்குப் போகும். அங்கும் மரணமில்லை, உடைந்த கண்ணாடி உலைக்குச் சென்று மறுபிறவி எடுக்கும்.

ஹார்லிக்ஸ் புட்டியை வேறு எடுத்துக்கொள்வோம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில், துணியால் வாய் கட்டிய ஹார்லிக்ஸ் புட்டி ஒன்றேனும் இல்லாத குடும்பம் அரிது. உள்ளே மாவடுவோ நாரத்தங்காயோ மிளகாய்ப்பொடியோ இருக்கும். நாளை எவரேனும் நம் குடியிருப்பின் மண்ணைத் தோண்டி அதை எடுப்பாராயின் என்ன எழுதுவார்? 'இங்கு வாழ்ந்தோர் மால்ட் பானம் அருந்தினர்' என்றுதான் எழுதுவார். புட்டியின்மேல் இருக்கும் பெயர் அதன் முதற் குடியிருப்பாளன் பெயரே. பின்னர் அதில் குடியிருந்த நாரத்தங்காயின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

எனவே நாம் ஓர் இடர்ப்பாடான முடிவுக்கு வருகிறோம். மண் பாதுகாப்பது எறிந்தவர்களின் வரலாற்றை. எறிவதற்கு வசதி வேண்டும். வெள்ளையர் வாழ்ந்த பாளையங்களின் பழங்குப்பையில் துரைமார் அருந்திய சோடாவுக்கும் மதுவுக்கும் சாட்சி இருக்கக்கூடும். அவற்றைக் குளிரவைத்து ஏந்தி வந்த பணியாளன் வீட்டில் என்ன உண்டார்கள் என்பதற்கு அக்குப்பையில் சாட்சி இராது. துரை எறிந்த புட்டியையும் அவன் எடுத்துப் போயிருப்பான். இலையில் உண்டு, மட்கலத்தில் சமைத்து, துணியைக் கிழியும் வரை உடுத்து, கிழிந்தபின் தொட்டிலாக்கி, தொட்டிலும் நைந்தபின் கரித்துணியாக்கிய வீட்டில் தோண்டுவதற்கு என்ன மிஞ்சும்? சிக்கனமே அவர்களை வரலாற்றிலிருந்து துடைத்துவிட்டது. நம்முள் பெரும்பாலோர் அத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

இதற்கு மாறாக, எறிந்ததே ஒரு மலையான செய்தியும் உண்டு. உரோமாபுரியில் மோந்தே தெஸ்தாச்சோ என்றொரு குன்று இருக்கிறது. இயற்கை அமைத்ததன்று, முழுக்க முழுக்க உடைந்த சாடிகளால் ஆனது. ஏறக்குறைய முப்பத்தைந்து மீட்டர் உயரம். பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டிலிருந்து ஆலிவ் எண்ணெய் சுமந்துவந்த சாடிகள் அவை. எண்ணெய் ஊறிய சாடி மறுமுறை பயன்படாது என்பதால் உடைத்து ஒழுங்காக அடுக்கினார்கள். பல சாடிகளின்மேல் எடை, வணிகர் பெயர், ஆண்டு ஆகியவை மையால் எழுதப்பட்டுள்ளன. நம் அலுவலகங்களில் ஒரு பொட்டலத்தைப் பெற்றுக்கொள்ள எழுதும் குறிப்பைப் போன்றவையே. 1872இல் ஹைன்ரிக் திரெசல் என்னும் அறிஞர் அங்கு ஆராயத் தொடங்கியபின், உரோமப் பேரரசின் எண்ணெய் வணிகத்தை அக்குமாஸ்தாக்களின் கிறுக்கல்களிலிருந்தே அறிய முடிந்தது. பேரரசர்களின் கல்வெட்டுகள் ஒருபுறம் நிற்க, இந்தக் கிறுக்கல்களின்மேல் நமக்குத் தனிப்பற்று உண்டாவதில் வியப்பில்லை.

நம் தமிழகத்திலும் ஒப்பான சான்று உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெட்சோ நகரில் செய்யப்பட்ட செந்நிறக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. இத்தாலியில் அவற்றின் காலம் முன்பே தெரியும். ஆதலின் அவை கிடந்த மண்ணடுக்குக்கும், அதனோடு கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல ஒரு பிடி கிடைத்தது. யாரோ ஒருவன் கைதவறி உடைத்த தட்டு, தென்னாட்டு வரலாற்றுக்கே கடிகாரமாயிற்று. யவனர் கொணர்ந்த மணமிக்க மதுவைப் புறநானூறு சொல்லுகிறது. அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்தோர், மதுவோடு ஆலிவ் எண்ணெயும் மீன் ஊறலும் அவ்வகைச் சாடிகளில் வந்ததைக் காட்டினர். மது பாட்டில் ஏறிற்று; மீன் ஊறல் ஏறவில்லை. புலவர் எதைப் பாடுவது என்று தேர்ந்தெடுக்கிறார். குப்பைமேட்டுக்கு அந்தத் தேர்வு இல்லை.

ஆனால் அரிக்கமேட்டுத் தட்டு காலம் சொல்லியது அது கிடந்த இடத்தில் கிடந்ததனால் என்பதை மறவாதிருப்போமாக. அதே உடைசலை யாரோ ஒருவர் அழகுக்காக எடுத்துப் போய் அலமாரியில் வைத்திருந்தால், அது இத்தாலியத் தட்டு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிராது. புட்டி தோண்டுவோர்மேல் அகழ்வாராய்ச்சியாளர் சாட்டும் குற்றம் இதுவே. பழைய கழிப்பிடக் குழியில் அடிமண்ணில் கிடப்பது ஒரு தலைமுறை, மேல்மண்ணில் கிடப்பது மற்றொன்று. புட்டியை மட்டும் உருவிக்கொண்டு மண்ணை வாரிக் கொட்டுபவன், ஒரு கோப்பிலிருந்து தபால்தலை ஒட்டிய உறையை மட்டும் கிழித்துக்கொண்டு கடிதங்களைக் காற்றில் விட்டவனுக்கு ஒப்பானவன். இருபதாண்டுகளாகக் கோப்புகளோடு வாழும் நமக்கு இந்தக் குற்றத்தின் கனம் நன்கு தெரியும்.

சட்டமும் இதில் கண்வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசு நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருள்களை அனுமதியின்றித் தோண்டுதலைத் தடுக்கிறது; காக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் புட்டிகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. நம் நாட்டு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமோ, மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எப்பொருளையும் புதையல் என்கிறது. பொன்னும் மணியும்தான் புதையல் என்று சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் நூறாண்டு என்பது பொது அளவு. ஓலைச்சுவடி முதலியவற்றுக்கு எழுபத்தைந்து. சென்ற காலத்து வழக்கங்களை விளக்கும் பொருள் எதுவும் அதன் விரிந்த சொற்களுக்குள் வரக்கூடும். ஆக, தொண்ணூற்றொன்பது ஆண்டும் பதினொரு மாதமும் ஆன புட்டி குப்பை; அடுத்த மாதம் அது தேசத்தின் செல்வம். சட்டம் எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நம் அலுவலகத்திலும் கோப்புகளுக்கு 'ஏ', 'பி', 'சி' என வகை குறிக்கிறோம். 'சி' வகைக் கோப்பு பத்தாண்டுக்கு மேல் வாழாது. அழிக்கலாம் என்று கையொப்பமிடுபவர் எதிர்கால ஆராய்ச்சியாளரை எண்ணிப் பார்ப்பதில்லை. அறையில் இடமில்லை என்பதையே எண்ணுகிறார்.

அதற்காகப் புட்டி தோண்டுவோரை முற்றும் பழிக்கவும் நமக்கு மனமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குப்பைமேட்டை அகழ எந்தப் பல்கலைக்கழகம் விரைந்து வருகிறது? கட்டடம் எழுப்ப இயந்திரம் வந்து நின்றால், மாலைக்குள் மேடு சமமாகிவிடும். அவ்விடத்தில் மண்வெட்டியோடு நிற்பவர் ஒரு தபால்காரரோ தச்சரோதான். அச்சுக்கோடு, வாயமைப்பு, அடிவடு என்று நாம் மேலே சொன்ன அறிவில் பெரும்பகுதியைத் திரட்டி ஒழுங்குபடுத்தியதில் இத்தகைய ஆர்வலர்களுக்கும் பங்குண்டு; அறிஞர்கள் இன்று அதைக் கொண்டே காலம் கணிக்கிறார்கள். கண்டெடுத்த இடத்தையும் ஆழத்தையும் உடனிருந்தவற்றையும் எழுதி வைப்பவர் அறிஞருக்குத் துணைவர். எழுதாதவர், மன்னிக்கவும், வெறும் கண்ணாடி வியாபாரிதான். வியாபாரம் நுழைந்தபின் வஞ்சனையும் நுழைந்தது. மாங்கனீசு கலந்த பழைய தெளிகண்ணாடி பல்லாண்டு வெயிலில் கிடந்தால் இளஞ்செவ்வூதா நிறம் பெறும்; அதைக் கண்டு மயங்குவோருக்காகக் கதிர்வீச்சுச் செலுத்திச் சில நாளில் கருஞ்செவ்வூதாவாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். வானவில்போல் மின்னும் மேற்பரப்பையும் சிலர் வயதுக்குச் சான்றாகக் காட்டுவர். அது ஈரமண் கண்ணாடியின் காரத்தை உறிஞ்சியதால் வந்தது; மண்ணின் இயல்பைச் சொல்லுமேயன்றி ஆண்டைச் சொல்லாது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். அமெரிக்க மண்ணில் மிகுதியாகக் கிடைக்கும் சிறு மருந்துக் குப்பிகளுள் ஒன்று, திருமதி வின்ஸ்லோவின் சாந்தப் பாகு என்னும் பெயர் பொறித்தது. 1849இல் விற்பனைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை அமர்த்த என்று விளம்பரம் செய்யப்பட்டது. அதில் இருந்தது மார்பின். 1906ஆம் ஆண்டு உணவு மருந்துச் சட்டம், அத்தகைய பொருள் இருப்பதை மேற்சீட்டில் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமாக்கும் வரை, வாங்கிய தாய்க்கு அது தெரிய வழியில்லை. குழந்தை அமைதியாயிற்று, சில குழந்தைகள் பின்னர் விழிக்கவேயில்லை.

ஒரு வீட்டின் பழங்குழியிலிருந்து அக்குப்பிகள் நான்கைந்து ஒருங்கே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எடுப்பவர் கையில் இருப்பது என்ன? விலை மதிப்பா? காலக்கணிப்புக்கு உதவும் சான்றா? அல்லது, யாருக்கும் சொல்லாமல் ஒரு தாய் குழிக்குள் போட்ட ஒன்றா? அவள் எறிந்தது மறைப்பதற்காகவும் இருக்கலாம். வெறுமனே தீர்ந்துபோனதால் எறிந்ததாகவும் இருக்கலாம். குப்பி இதைச் சொல்லாது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே 1973இல் தொடங்கிய ஆய்வில், நகரத்து வீடுகளின் அன்றாடக் குப்பையைப் பிரித்து எண்ணி, அவ்வூரார் தம் வாழ்வைப் பற்றி வாயால் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். பீர் குடிப்பதைப் பற்றி மக்கள் சொன்னது குறைவு. குப்பையில் கிடந்தது மிகுதி. குப்பை பொய் சொல்லாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். எத்தனை புட்டி என்பதில் குப்பை மெய் சொல்லும். ஏன் என்பதில் அது ஊமை. ராத்ஜேயின் குழுவினர் எந்தக் குப்பை எந்த வீட்டினுடையது என்ற பெயரடையாளத்தை வெளியிடாமல் காத்தார்கள். உயிரோடிருப்பவர்க்குக் காட்டிய அந்த நாகரிகத்தை இறந்த தாய்க்கும் காட்டலாகாதா? ஆண்டைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லுங்கள், மருந்து விற்றவன் பெயரை ஊரறியச் சொல்லுங்கள். வீட்டு எண்ணைச் சொல்லத் தேவையில்லை. அவளைப் பற்றித் தீர்ப்பெழுதும் தகுதி குப்பியைக் கண்டெடுத்தவருக்கு இல்லை என்பதே நம் துணிபு.

தலைநகர் தில்லியில் காஜிப்பூர்க் குப்பைமேடு 1984இல் தொடங்கப்பட்டது. இன்று பல மாடிக் கட்டடம்போல் உயர்ந்து நிற்கிறது. நம் வீட்டு நெகிழிப் புட்டிகளும் அங்கே போயிருக்கும். அதன் சரிவுகளில் சாக்குப்பையோடு குப்பை பொறுக்குவோர் ஏறி இறங்குகிறார்கள். புட்டியை எடுத்த மாத்திரத்தில் இன்ன வகை, கிலோவுக்கு இன்ன விலை என்று சொல்லும் அவர்களுடைய அறிவுக்கு எந்த மலரிலும் கட்டுரை இல்லை. அமெரிக்கர் பொழுதுபோக்காகச் செய்வதை அவர்கள் வயிற்றுக்காகச் செய்கிறார்கள். மேட்டிலிருந்து அவர்கள் எடுத்துச் செல்வது எதுவும் பின்னாளில் அங்கே தோண்டுபவருக்குக் கிடைக்காது. அவர்கள் வந்து போனதற்கும் அங்கே அடையாளம் இராது.

இவ்வாண்டும் பலர் பணிமாற்றத்தில் வீடு காலி செய்வீர்கள். பரணிலிருந்து அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிப் புட்டி ஒன்று இறங்கக்கூடும். பழம்பொருள்காரரிடம் போடுவதாயினும் போடுங்கள். அதில் குற்றமில்லை, அதுவே நம் மரபு. வைத்துக்கொள்வதாயின் ஒரு சிறு காகிதத் துண்டில், எவ்வூரிலிருந்து வந்தது, எந்த ஆண்டு, எந்த வண்டியில், யார் மடியில், உள்ளே என்ன இருந்தது என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதிப் புட்டிக்குள் போட்டு மூடுங்கள். மேலே ஒட்டினால் உரிந்துவிடும்.